கோவிட்-19 கால நுழைவிசைவுக் கட்டுப்பாடுகளும் செட்டிநாடும்

கோவிட்-19 கால நுழைவிசைவுக் கட்டுப்பாடுகள் என்பன 2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரையான காலப்பகுதியில் இந்தியாவும் பிற நாடுகளும் தத்தம் எல்லைகளில் விதித்த கட்டுப்பாடுகள் ஆகும். இவற்றின் முக்கியக் கூறு, பயணி எந்த நாட்டவர் என்பதோடு அவர் எவ்வகை நுழைவிசைவு (விசா) வைத்திருந்தார் என்பதையும் பொறுத்துப் பயணத் தகுதி தீர்மானிக்கப்பட்டமையாகும். தமிழ்நாட்டின் சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்துள்ள செட்டிநாடு, குறிப்பாகக் காரைக்குடிப் பகுதி, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள், ஐக்கிய அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு நெருங்கிய குடும்பத் தொடர்பும் தொழில் தொடர்பும் உடையது. ஆகையால் ஒரே குடும்பத்தினர் வெவ்வேறு அட்டைகளும் அனுமதிகளும் உடையோராய் இருந்து, ஒரே நாளில் வெவ்வேறு விதிகளுக்கு உட்பட்ட நிலை இங்கு பரவலாகக் காணப்பட்டது.

பின்னணி

செட்டிநாட்டின் நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர், இந்தோசீனா ஆகிய இடங்களில் வட்டித்தொழிலும் வணிகமும் நடத்திவந்தனர். பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கிடையே அக்காலத்தில் போக்குவரவு பெரிதும் தடையின்றி இருந்தது. இரண்டாம் உலகப் போரும், அதன்பின் இந்நாடுகள் பெற்ற விடுதலையும் இந்நிலையை மாற்றின. குடியுரிமை, கடவுச்சீட்டு, நுழைவிசைவு என்பன குடும்பங்களுக்குள்ளேயே வேறுபடலாயின. சிலர் மலேசியக் குடிமக்களாயினர். சிலர் சிங்கப்பூரில் நிரந்தர வசிப்புரிமை பெற்றனர். பலர் இந்தியக் குடிமக்களாகவே நீடித்துப் பணி அனுமதியின் பேரில் வெளிநாடு சென்றனர்.

நோய்க்காலத்தில் பயணிகளைத் தரம் பிரித்து நடத்தும் முறை இப்பகுதிக்குப் புதியதன்று. காலனித்துவக் காலத்தில் இலங்கையின் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள், இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டு, மருத்துவ ஆய்வுக்குப் பின்னரே தலைமன்னாருக்கு அனுப்பப்பட்டனர். மலாயா சென்ற கப்பல்களில் மேல்தளப் பயணிகளாகச் சென்றோர் பினாங்கை அடுத்த செரசாக் தீவிலும், சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான்ஸ் தீவிலும் தடுப்பொதுக்கம் செய்யப்பட்டனர். அன்று பயணச்சீட்டின் வகுப்பு வகித்த இடத்தை 2020இல் நுழைவிசைவின் வகை வகித்தது எனலாம்.

காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் திருச்சிராப்பள்ளிப் பன்னாட்டு வானூர்தி நிலையமும், ஏறக்குறைய அதே தொலைவில் மதுரை வானூர்தி நிலையமும் உள்ளன. கட்டுப்பாடுகளுக்கு முன்னர் திருச்சிராப்பள்ளியிலிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர், கொழும்பு, வளைகுடா நகரங்கள் ஆகியவற்றுக்கு நேரடிச் சேவைகள் இருந்தன.

அனுமதி வகைகள்

பெருந்தொற்றுக் காலத்தில் பயணிகள் பொதுவாகப் பின்வரும் பிரிவுகளில் அடக்கப்பட்டனர்.

* குடிமக்கள்: தமது நாட்டுக்குத் திரும்பும் உரிமை உடையவர்கள். எனினும் விமானங்கள் நிறுத்தப்பட்டபோது இவ்வுரிமையைப் பயன்படுத்த வழியின்றிப் போனது.
* நிரந்தர வசிப்புரிமையாளர்: பெரும்பாலான நாடுகளில் குடிமக்களுக்கு அடுத்த நிலையில் வைக்கப்பட்டனர்.
* நீண்டகால அனுமதியாளர்: பணி அனுமதி, மாணவர் அனுமதி, சார்ந்தோர் அனுமதி ஆகியவை உடையோர். அனுமதி செல்லுபடியாக இருந்தும், நுழைவதற்குத் தனியே முன் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது.
* குறுகியகால வருகையாளர்: சுற்றுலா, உறவினரைக் காணுதல், வணிகச் சந்திப்பு முதலியவற்றுக்காகச் செல்வோர். முதலில் தடுக்கப்பட்டோரும் இறுதியாக அனுமதிக்கப்பட்டோரும் இவர்களே.
* வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை (ஓ.சி.ஐ. அட்டை) உடையோர்: இவ்வட்டை அதன் பெயருக்கு மாறாக முழுக் குடியுரிமை அன்று. இந்தியாவுக்குள் நுழைவிசைவின்றி வந்துபோகும் வசதியை ஆயுள் முழுமைக்கும் அளிக்கும் பதிவே ஆகும். 2005ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இத்திட்டம், 2015 முதல் கொள்ளுப்பேரர் தலைமுறை வரை விரிவாக்கப்பட்டது.

இந்தியாவின் கட்டுப்பாடுகள்

2020 மார்ச்

2020 மார்ச் 11 அன்று இந்திய அரசு நடைமுறையில் இருந்த நுழைவிசைவுகள் அனைத்தையும் ஏப்ரல் 15 வரை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. தூதரகம், அலுவல், ஐக்கிய நாடுகள் மற்றும் பன்னாட்டு அமைப்புகள், வேலைவாய்ப்பு, திட்டப்பணி ஆகிய வகைகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. மார்ச் 13 அன்று இந்திய நேரம் மாலை 5.30 மணி முதல் இவ்வாணை நடைமுறைக்கு வந்தது. ஓ.சி.ஐ. அட்டை உடையோரின் நுழைவிசைவற்ற பயண வசதியும் அதே ஆணையால் நிறுத்திவைக்கப்பட்டது. ஏற்கெனவே இந்தியாவுக்குள் இருந்த ஓ.சி.ஐ. அட்டையாளர்கள் தொடர்ந்து தங்கத் தடையில்லை. தவிர்க்கவியலாக் காரணத்துக்காக வர விரும்பும் வெளிநாட்டவர் அருகிலுள்ள இந்தியத் தூதரகத்தை அணுகுமாறு கூறப்பட்டது.

மார்ச் 17 அன்று மலேசியா, பிலிப்பைன்ஸ், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து பயணிகள் இந்தியா வருவது உடனடியாகத் தடை செய்யப்பட்டது. அன்று பிற்பகல் 3 மணிக்குப் பின் அந்நாடுகளிலிருந்து இந்தியாவுக்கு விமானம் புறப்படக் கூடாது என ஆணையிடப்பட்டது. இத்தடை இந்தியக் குடிமக்களுக்கும் பொருந்தியது. இதனால் கோலாலம்பூர் வானூர்தி நிலையத்தில் இந்தியர் பலர் தவிக்க நேர்ந்தது. மார்ச் 22 முதல் அனைத்துப் பன்னாட்டுப் பயணிகள் விமானச் சேவைகளும் நிறுத்தப்பட்டன. மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. விமானங்களே இல்லாத நிலையில் வேலைவாய்ப்பு நுழைவிசைவுக்கு அளிக்கப்பட்டிருந்த விலக்கும் நடைமுறையில் பயனற்றுப் போனது.

வந்தே பாரத் திட்டம்

வெளிநாடுகளில் தவித்த இந்தியரை அழைத்துவர வந்தே பாரத் திட்டம் 2020 மே 7 அன்று தொடங்கியது. அதன் முதற்கட்டத்திலேயே கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு விமானம் இயக்கப்பட்டது. கடற்படையின் சமுத்திர சேது நடவடிக்கையின்கீழ் ஜலாஷ்வா கப்பல் 2020 ஜூன் 2 அன்று கொழும்பிலிருந்து பயணிகளைத் தூத்துக்குடிக்குக் கொணர்ந்தது.

இத்திட்டத்திற்காக உள்துறை அமைச்சகம் மே 5 அன்று வெளியிட்ட நெறிமுறைகளில் நுழைவிசைவின் வகை இருவேறு வகையில் செயற்பட்டது.

* திரும்புவோர்: வேலையிழந்த தொழிலாளர், காலாவதியாகும் நிலையில் குறுகியகால நுழைவிசைவு உடையோர், நோயாளிகள், கருவுற்ற பெண்கள், முதியோர், குடும்பத்தில் இறப்பு நேர்ந்தோர், மாணவர் ஆகியோருக்கு முன்னுரிமை அளிக்கப்பட்டது. அதாவது வலுக்குறைந்த அனுமதி உடையோர் வரிசையில் முன்னே நின்றனர்.
* வெளிச்செல்வோர்: செல்லும் நாட்டின் குடிமக்கள், அந்நாட்டின் ஓராண்டுக்குக் குறையாத நுழைவிசைவு உடையோர், பச்சை அட்டை அல்லது ஓ.சி.ஐ. அட்டை உடையோர் ஆகியோர் மட்டுமே அதே விமானங்களில் வெளிநாடு செல்ல இயன்றது. மருத்துவ அவசரம் அல்லது குடும்பத்தில் இறப்பு எனில் ஆறுமாத நுழைவிசைவு உடைய இந்தியரும் செல்லலாம். அதாவது இத்திசையில் வலுவான அனுமதி உடையோரே முன்னே நின்றனர்.

2020 ஆகஸ்டில் இந்நிபந்தனை தளர்த்தப்பட்டு, இந்தியாவுடன் இருதரப்பு விமான ஏற்பாடு செய்துகொண்ட நாடுகளுக்கு எவ்வகைச் செல்லுபடியாகும் நுழைவிசைவுடனும் இந்தியர் செல்லலாம் என அறிவிக்கப்பட்டது. எனினும் ஏற்றுக்கொள்வதா இல்லையா என்பது சேருமிட நாட்டின் முடிவாகவே இருந்தது.

ஓ.சி.ஐ. அட்டை உடையோர்

வந்தே பாரத் விமானங்களில் தொடக்கத்தில் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே இடம் அளிக்கப்பட்டது. பெற்றோர் இந்தியக் கடவுச்சீட்டும், வெளிநாட்டில் பிறந்த குழந்தை அந்நாட்டுக் கடவுச்சீட்டுடன் ஓ.சி.ஐ. அட்டையும் கொண்டிருந்த குடும்பங்களில், பெற்றோர் ஏறலாம், குழந்தை ஏறக்கூடாது என்ற நிலை உருவானது. இதையடுத்து 2020 மே 22 அன்று நான்கு பிரிவினருக்குத் தளர்வு வழங்கப்பட்டது.

1. இந்தியக் குடிமக்களுக்கு வெளிநாட்டில் பிறந்த, ஓ.சி.ஐ. அட்டை உடைய சிறார்
2. குடும்பத்தில் இறப்பு போன்ற அவசரத்துக்காக வரும் ஓ.சி.ஐ. அட்டையாளர்
3. ஒருவர் ஓ.சி.ஐ. அட்டையும் மற்றவர் இந்தியக் குடியுரிமையும் உடைய, இந்தியாவில் நிரந்தர இருப்பிடம் கொண்ட தம்பதியர்
4. இந்தியாவில் வாழும் இந்தியக் குடிமக்களின் பிள்ளைகளான, ஓ.சி.ஐ. அட்டை உடைய பல்கலைக்கழக மாணவர்

படிப்படியான தளர்வுகள்

2020 ஜூன் மாதத் தொடக்கத்தில் வணிகர், நலவாழ்வுத் துறையினர், பொறியாளர் ஆகியோர் உரிய வணிக அல்லது வேலைவாய்ப்பு நுழைவிசைவுடன் வர அனுமதிக்கப்பட்டனர். 2020 அக்டோபர் 22 அன்று ஓ.சி.ஐ. அட்டையாளர் அனைவருக்கும், சுற்றுலா தவிர்ந்த எந்நோக்கத்துக்கும் வரும் வெளிநாட்டவருக்கும் நுழைவு திறந்துவிடப்பட்டது. மின்னணு நுழைவிசைவு, சுற்றுலா, மருத்துவம் ஆகிய மூன்றைத் தவிர ஏனைய பழைய நுழைவிசைவுகள் மீண்டும் உயிர்பெற்றன. 2021 மார்ச் இறுதியில் வணிகம், மருத்துவம், மாநாடு ஆகியவற்றுக்கான மின்னணு நுழைவிசைவுகள் 156 நாட்டவருக்கு மீளவும் வழங்கப்பட்டன.

சுற்றுலா நுழைவிசைவு 2021 அக்டோபர் 15 முதல் தனி வாடகை விமானங்களில் வருவோருக்கும், நவம்பர் 15 முதல் பிற விமானங்களில் வருவோருக்கும் வழங்கப்பட்டது. இவை புதிதாக வழங்கப்பட்டவை. முன்பு பெற்றிருந்த ஐந்தாண்டுச் சுற்றுலா நுழைவிசைவுகள் 2022 மார்ச் 16 அன்றே மீண்டும் செல்லுபடியாயின. வழக்கமான பன்னாட்டு விமானச் சேவைகள் 2022 மார்ச் 27 அன்று தொடங்கின.

பிற நாடுகளின் கட்டுப்பாடுகள்

சிங்கப்பூர்

சிங்கப்பூர் 2020 மார்ச் 23 நள்ளிரவு முதல் குறுகியகால வருகையாளர் அனைவரையும் தடுத்தது. பணி அனுமதியாளர்களும் அவர்களைச் சார்ந்தோரும் நலவாழ்வு, போக்குவரத்து போன்ற இன்றியமையாப் பணிகளைச் சார்ந்தோராய் இருந்தால் மட்டுமே அப்போது திரும்ப இயன்றது. பிற்காலத்தில் ஏனையோருக்கும் மனிதவள அமைச்சின் நுழைவு ஒப்புதல் படிப்படியாக வழங்கப்பட்டது. கையில் அனுமதி அட்டை இருப்பது ஒன்று, நுழைய ஒப்புதல் இருப்பது வேறொன்று என்னும் வேறுபாட்டை விடுமுறைக்கு ஊர் வந்திருந்த தொழிலாளர் பலர் அப்போதுதான் அறிந்தனர்.

இந்தியாவில் இரண்டாம் அலை எழுந்தபோது, 2021 ஏப்ரல் 23 நள்ளிரவு முதல், முந்தைய 14 நாட்களில் இந்தியாவில் இருந்த நீண்டகால அனுமதியாளரும் குறுகியகால வருகையாளரும் சிங்கப்பூருக்குள் அனுமதிக்கப்படவில்லை. முன்பே ஒப்புதல் பெற்றிருந்தோரும் இதற்கு விலக்கல்லர். குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமையாளரும் தடுப்பொதுக்கத்துடன் நுழையலாம். இத்தடை 2021 அக்டோபர் 26 நள்ளிரவில் நீங்கியது. நவம்பர் 29 அன்று தடுப்பூசி பெற்றோருக்கான சிறப்புப் பயணத் தடம் இந்தியாவுடன் தொடங்கியது. அதன் விமானங்கள் முதலில் சென்னை, தில்லி, மும்பை ஆகிய நகரங்களிலிருந்து மட்டும் இயங்கின.

மலேசியா

மலேசியா 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை விதித்து வெளிநாட்டவர் நுழைவைத் தடுத்தது. 2020 செப்டம்பர் 7 முதல் இந்தியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாட்டவர் நுழைய முற்றிலும் தடை விதிக்கப்பட்டது. நிரந்தர வசிப்புரிமை, மலேசியா எனது இரண்டாவது இல்லம் திட்டம், திறன்சார் பணி அனுமதி, வாழ்க்கைத்துணை அனுமதி, மாணவர் அனுமதி ஆகியவற்றை உடையோரும் இத்தடைக்கு உட்பட்டனர். சிங்கப்பூரின் விதி பயணி அண்மையில் எங்கு இருந்தார் என்பதைப் பார்த்தது. மலேசியாவின் இவ்விதி பயணி எந்நாட்டவர் என்பதைப் பார்த்தது. 2021 ஏப்ரல் 28 முதல் இந்தியாவுடனான விமானங்களும் தடை செய்யப்பட்டன. மலேசிய எல்லைகள் 2022 ஏப்ரல் 1 அன்று முழுமையாகத் திறக்கப்பட்டன.

ஐக்கிய அரபு அமீரகமும் பிற வளைகுடா நாடுகளும்

ஐக்கிய அரபு அமீரகம் 2021 ஏப்ரல் 24 நள்ளிரவு முதல் இந்தியாவிலிருந்து வருவோரைத் தடுத்தது. அமீரகக் குடிமக்கள், தூதரகத்தினர், பொன் நுழைவிசைவு உடையோர் போன்றோருக்கு விலக்கு இருந்தது. ஆகஸ்ட் 5 முதல், அமீரகத்திலேயே இரு தவணைத் தடுப்பூசி பெற்று 14 நாட்கள் கடந்த வசிப்பு அனுமதியாளர் அனுமதிக்கப்பட்டனர். ஆகஸ்ட் 30 முதல் உலக நலவாழ்வு அமைப்பு ஏற்ற தடுப்பூசிகளைப் பெற்ற சுற்றுலா நுழைவிசைவினரும் அனுமதிக்கப்பட்டனர். சவூதி அரேபியாவுக்கு நேரடியாகச் செல்ல இயலாத தொழிலாளர் பலர் நேபாளம், மாலைத்தீவு போன்ற மூன்றாம் நாடுகளில் 14 நாட்கள் தங்கிச் சென்றனர். 2021 ஏப்ரல் இறுதியில் நேபாளம் இவ்வழியை மூடியது.

ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து

ஐக்கிய அமெரிக்கா 2020 ஜூன் 22 அன்று வெளியிட்ட அறிவிப்பால் எச்-1பி, எல்-1 மற்றும் சில வகை ஜே-1 நுழைவிசைவுகளில் புதிதாக நுழைவதை நிறுத்தியது. இது 2021 மார்ச் 31 வரை நீடித்தது. 2021 மே 4 முதல், முந்தைய 14 நாட்களில் இந்தியாவில் இருந்த குடியேற்றமில்லா வகையினர் பெரும்பாலோர் தடுக்கப்பட்டனர். குடிமக்கள், பச்சை அட்டையாளர், அவர்தம் வாழ்க்கைத்துணைவர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. ஆகஸ்ட் 1 அல்லது அதற்குப் பின் கல்வி தொடங்கும் மாணவருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. இத்தடை 2021 நவம்பர் 8 அன்று நீங்கி, தடுப்பூசி நிபந்தனை அதன் இடத்தைப் பெற்றது.

ஐக்கிய இராச்சியம் 2021 ஏப்ரல் 23 அன்று இந்தியாவைச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. பிரித்தானிய, அயர்லாந்துக் குடிமக்களும் வசிப்புரிமை உடையோரும் மட்டுமே விடுதித் தடுப்பொதுக்கத்துடன் நுழையலாம். ஆகஸ்ட் 8 அன்று இந்தியா செம்மஞ்சள் பட்டியலுக்கு மாற்றப்பட்டது.

ஆஸ்திரேலியா 2020 மார்ச் 20 அன்று குடிமக்களும் நிரந்தர வசிப்பாளரும் அல்லாதோர்க்கு எல்லையை மூடியது. 2021 மே 3 முதல் 15 வரை, இந்தியாவில் இருந்த தன் குடிமக்களும் திரும்பக் கூடாது எனத் தடுத்தது. மீறுவோர்க்கு ஐந்தாண்டு வரை சிறையோ 66,600 ஆஸ்திரேலிய டாலர் வரை தண்டமோ விதிக்க இயலும் என எச்சரிக்கப்பட்டது. நியூசிலாந்தும் 2021 ஏப்ரல் 11 முதல் 28 வரை இந்தியாவிலிருந்து தன் குடிமக்கள் உட்பட அனைவரின் வருகையையும் நிறுத்திவைத்தது. குடியுரிமையே உயர்ந்த தகுதி என்னும் பொதுவிதிக்கு இவை இரண்டும் விலக்குகளாகும். ஆஸ்திரேலியா மாணவர், திறன்சார் பணியாளர் ஆகியோரை 2021 டிசம்பர் 15 முதலும், ஏனைய நுழைவிசைவினரை 2022 பெப்ரவரி 21 முதலும் அனுமதித்தது.

செட்டிநாட்டில் ஏற்பட்ட விளைவுகள்

குடும்பச் சடங்குகள்

நகரத்தார் வாழ்வில் திருமணம், அறுபதாம் ஆண்டு சாந்தி, பிள்ளையார் நோன்பு, இறுதிச் சடங்கு ஆகியவை பங்காளிகள் ஒன்றுகூடி நடத்துபவை. ஒன்பது நகரக் கோயில்களைச் சார்ந்த புள்ளிக் கணக்கும், திருமணத்தின்போது எழுதப்படும் இசைகுடிமானமும் இக்கூட்டு வாழ்வின் அடையாளங்களாகும். பெரிய வீடுகள் பலவும் பங்காளிகளின் பொதுச் சொத்தாக உள்ளன. பங்குதாரர்கள் பல நாடுகளில் வாழ்கின்றனர்.

2020 மார்ச் 13க்குப் பின் பெற்றோரின் இறப்புக்கு வர விரும்பிய உடன்பிறந்தோரின் நிலை அவரவர் கையிலிருந்த அட்டையைப் பொறுத்து மாறியது. இந்தியக் கடவுச்சீட்டு உடையவர் சிறப்பு விமானத்தில் இடம் கிடைத்தால் வரலாம். ஆனால் அவருடைய சிங்கப்பூர்ப் பணி அனுமதிக்கு மீண்டும் நுழைவு ஒப்புதல் கிடைக்குமா என்பது உறுதியில்லை. ஓ.சி.ஐ. அட்டை உடையவர் மே 22 வரை தூதரகத்தின் தனி அனுமதியின்றி வர இயலாது. முன்னோரின் இந்தியப் பிறப்பை மெய்ப்பிக்கும் ஆவணம் இல்லாமையால் ஓ.சி.ஐ. அட்டை பெறாது, மின்னணுச் சுற்றுலா நுழைவிசைவில் வந்துபோய்க்கொண்டிருந்த மலேசியக் குடிமகன் அவ்வகையில் 2021 நவம்பர் வரை வர இயலாது. இம்மூவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாயினும் விதியின் முன் மூன்று வேறு நிலையினராயினர்.

வந்து சேர்ந்தோர்க்கும் 2020 மே 24இன் நெறிமுறைப்படி ஏழு நாட்கள் கட்டணத் தடுப்பொதுக்கமும் ஏழு நாட்கள் வீட்டுத் தனிமையும் இருந்தன. இறப்பு, கருவுற்றிருத்தல், கடும் நோய், பத்து வயதுக்குட்பட்ட குழந்தையுடன் வருதல் ஆகிய காரணங்களுக்கு இதில் தளர்வு உண்டு. 2021 பெப்ரவரி நெறிமுறை, குடும்பத்தில் இறப்பு நேர்ந்தவர் மட்டும் முன் சோதனைச் சான்று இன்றி வர அனுமதித்தது. மாவட்ட எல்லை கடக்க மாநில அரசின் மின் அனுமதியும் தேவைப்பட்ட காலத்தில், திருச்சிராப்பள்ளியில் இறங்கியவர் காரைக்குடி சேர்வதற்கு மேலும் ஓர் அனுமதியை நாட வேண்டியிருந்தது.

தொழிலாளர்

சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை மாவட்டங்களிலிருந்து கட்டுமானம், கப்பல் பட்டறை, உணவகம் ஆகிய தொழில்களுக்காகப் பலர் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றனர். விடுமுறையில் ஊர் வந்து திரும்ப இயலாதோர், அனுமதி அட்டை காலாவதியாகி வேலையிழக்கும் ஆபத்தை எதிர்கொண்டனர். பயணத்துக்காகக் கடன் பெற்றிருந்தோர்க்கு வருமானமின்றிக் கடன் மட்டும் எஞ்சியது. வெளிநாட்டில் இருந்தோரோ ஊர் வந்தால் திரும்ப இயலாது என அஞ்சி, பெற்றோரின் இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் கண்டனர்.

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி பெறாதோரின் கடவுச்சீட்டு பொதுவாகக் குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகையைச் சேர்ந்ததாகும். இவர்கள் மலேசியா, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் ஒப்புதல் பெற வேண்டும். சிங்கப்பூர் இப்பட்டியலில் இல்லை. இவ்வொப்புதலைத் தவிர்க்கச் சுற்றுலா நுழைவிசைவில் சென்று வேலை பார்த்தோர், எல்லை மூடப்பட்டபோது தொழிலாளர் என்ற பாதுகாப்போ வசிப்பு உரிமையோ இன்றி இருமடங்கு இன்னலுற்றனர்.

தடுப்பூசி

2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தடுப்பூசிச் சான்றிதழ் நுழைவிசைவுக்கு இணையான இடத்தைப் பெற்றது. இந்தியாவில் வழங்கப்பட்ட கோவாக்சின் 2021 நவம்பர் 3 அன்றே உலக நலவாழ்வு அமைப்பின் அவசரக்காலப் பட்டியலில் இடம்பெற்றது. அதுவரை அதைப் பெற்றோர், செல்லுபடியாகும் நுழைவிசைவு இருந்தும் பல நாடுகளில் தடுப்பூசி பெறாதோராகவே கருதப்பட்டனர்.

சுற்றுலா

செட்டிநாடு 2014 முதல் யுனெசுகோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் உள்ளது. காரைக்குடி, கானாடுகாத்தான், கோத்தமங்கலம், கடியாபட்டி ஆகிய ஊர்களில் பழைய வீடுகள் பாரம்பரிய விடுதிகளாக மாற்றப்பட்டு, ஐரோப்பிய நாட்டினரைப் பெரிதும் ஈர்த்துவந்தன. நவம்பர் முதல் மார்ச் வரை இவற்றின் பருவமாகும். சுற்றுலா நுழைவிசைவு 2020 மார்ச் 13 முதல் 2021 நவம்பர் 15 வரை இருபது மாதங்கள் இல்லாமையால், 2020-21ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் வெளிநாட்டுப் பயணிகளின்றிக் கழிந்தது. அடுத்த பருவமும் வழக்கமான விமானச் சேவை தொடங்கும் முன்னரே முடிந்தது. விடுதிப் பணியாளர், வழிகாட்டிகள், ஆத்தங்குடித் தரைக்கல் செய்வோர், பழம்பொருள் வணிகர் ஆகியோரின் வருவாய் இப்பயணிகளைச் சார்ந்திருந்தது.

இந்தியாவில் தங்கிவிட்ட வெளிநாட்டவர்

கட்டுப்பாடுகள் தொடங்கியபோது தமிழ்நாட்டில் இருந்த வெளிநாட்டவரின் நுழைவிசைவுகள் கட்டணமின்றி நீட்டிக்கப்பட்டன. தொடக்கத்தில் இணையவழி விண்ணப்பம் தேவைப்பட்டது. 2021 ஜூனில் விண்ணப்பமின்றியே ஆகஸ்ட் 31 வரையும், பின்னர் செப்டம்பர் 30 வரையும் நீட்டிக்கப்பட்டன. மலேசியக் குடிமக்களை ஏற்றிச் செல்லத் திருச்சிராப்பள்ளி, சென்னை ஆகிய இடங்களிலிருந்து சிறப்பு விமானங்கள் இயக்கப்பட்டன.

நுழைவிசைவின் வகை வழக்குகளுக்கும் காரணமாயிற்று. சுற்றுலா நுழைவிசைவில் வந்து சமயப் பரப்புரையில் ஈடுபட்டதாக 960 வெளிநாட்டவரை உள்துறை அமைச்சகம் 2020 ஏப்ரலில் கருப்புப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் இவ்வகையில் கைது செய்யப்பட்ட வங்காளதேசம், இந்தோனேசியா, தாய்லாந்து நாட்டவருக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020 ஜூனில் பிணை வழங்கியது.

சட்ட அடிப்படை

வெளிநாட்டவரின் நுழைவை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அப்போது நடைமுறையில் இருந்த கடவுச்சீட்டு (இந்தியாவுக்குள் நுழைதல்) சட்டம் 1920, வெளிநாட்டவர் சட்டம் 1946 ஆகியவற்றிலிருந்து பெறப்பட்டது. இவ்விரு சட்டங்களுக்கும் மாற்றாகக் குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டுக் கட்டுப்பாடுகளுக்குக் கொள்ளைநோய்ச் சட்டம் 1897, பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 ஆகியன பயன்படுத்தப்பட்டன.

ஒருவர் தம் சொந்த நாட்டுக்குள் நுழையும் உரிமையைத் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது எனக் குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு கூறுகிறது. ஓ.சி.ஐ. அட்டையாளர் சட்டப்படி வெளிநாட்டவராதலால் இந்தியாவைப் பொறுத்தவரை குடிமக்களுக்குரிய நுழைவுரிமையைக் கோர இயலவில்லை.

விமர்சனங்கள்

நோய்க்கிருமி நுழைவிசைவின் வகையை அறியாது என்பதும், தடுப்பொதுக்கமும் சோதனையும் அனைவருக்கும் பொதுவாக இருந்தால் வகைப்பாடு தேவையில்லை என்பதும் இக்கட்டுப்பாடுகள் மீதான முதன்மை விமர்சனங்களாகும். இதற்கு மறுமொழியாக, தடுப்பொதுக்க இடங்களும் விமான இருக்கைகளும் குறைவாக இருந்தமையால் ஏதேனும் ஒரு முன்னுரிமை வரிசை தேவைப்பட்டது என்றும், நாட்டில் வீடும் வேலையும் உடையோரை முதலில் ஏற்பதே முறை என்றும் கூறப்பட்டது. குடும்ப உறவு, இறப்பு, நோய் ஆகியவற்றை அனுமதியின் வகைக்கு மேலாகக் கொள்ளும் விதிகள் தொடக்கத்திலேயே இருந்திருந்தால் இன்னல் பெரிதும் குறைந்திருக்கும் என்பது மற்றொரு கருத்தாகும். 2020 மே 22இன் தளர்வு இக்கருத்தை ஒருவாறு ஏற்றுக்கொண்டது எனலாம்.

கட்டுப்பாடுகளின் முடிவு

பயணிகள் இணையத்தில் நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா உறுதிமொழிப் படிவம் 2022 நவம்பர் 22 அன்று கைவிடப்பட்டது. 2023 ஜனவரி 1 முதல் பெப்ரவரி 13 வரை சீனா, ஆங்காங், ஜப்பான், தென் கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய இடங்களிலிருந்து வருவோர்க்கு முன் சோதனை மீண்டும் கட்டாயமாக்கப்பட்டது. இம்முறை குடிமக்கள், ஓ.சி.ஐ. அட்டையாளர், சுற்றுலாப் பயணிகள் ஆகிய அனைவருக்கும் ஒரே விதி பொருந்தியது குறிப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்கவும்

* செட்டிநாடு
* நாட்டுக்கோட்டை நகரத்தார்
* நுழைவிசைவு
* வந்தே பாரத் திட்டம்
* மண்டபம் முகாம்
* திருச்சிராப்பள்ளிப் பன்னாட்டு வானூர்தி நிலையம்